சிமெண்டில் சாம்பல் கலப்பவள்

பூமியைத் தோண்டுகிறவர்களுக்குப் பெயர் உண்டு, ஹெல்மெட் மாட்டிய புகைப்படம் உண்டு, தோண்டிய பள்ளத்தை மூடுகிறவர்களுக்கு "இதுக்கெல்லாமா படிப்பு?" என்கிற கேள்வி மட்டும்தான் உண்டு. நான் இரண்டாவது ரகம்.

முதலில் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நிலத்தடிச் சுரங்கத்தில் தாதுவை வெட்டி எடுத்தபின் உள்ளே ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு வெற்றிடம் நிற்கும். அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்துப் பாறையில் வெடி வைத்தால் கூரை இறங்கிவிடும். அதனால் தாதுவை அரைத்துப் பிரித்தது போக மிஞ்சுகிற கழிவு மண்ணையே எடுத்து, தண்ணீரும் கொஞ்சம் சிமெண்டும் போட்டுக் குழைத்து, குழாய் வழியாகக் கீழே இறக்கி அந்த மண்டபத்தை அடைப்பார்கள். இறுகியதும் அதுவே சுவர். வில்லங்கம் அந்தக் 'கொஞ்சம் சிமெண்டில்' இருக்கிறது. மண்டபம் மண்டபமாக ஊற்றும்போது கொஞ்சம் என்பது மலையாகிவிடும். அந்த மலையில் ஒரு பங்கைக் குறைத்து, அதற்குப் பதில் ஊரில் சும்மா கிடக்கிற ஏதாவது ஒன்றைப் போட முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. என் 'ஏதாவது ஒன்று' நெல் உமிச் சாம்பல்.

இரண்டரை வருஷமாக இதைச் செய்கிறேன். கர்நாடகப் பக்கத்துச் சுரங்கம் ஒன்று எங்களுக்குக் கழிவு மண்ணை டிரம்மில் அனுப்பி, ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது: வார்த்து இருபத்தெட்டாம் நாள் சோதித்தால் கலவையின் பலம் ஒரு மெகாபாஸ்கலைத் தொட வேண்டும். தொட்டால் அவர்களுடைய பள்ளம் ஒன்றை என் கலவையால் நிரப்பிப் பார்ப்பார்கள். தொடாவிட்டால் எங்கள் பேராசிரியர் என் தலைப்பையே மாற்றிவிடுவார். நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் போதெல்லாம் "இன்னுமா முடியல?" என்று கேட்கப்படும் என் சக ஆராய்ச்சி மாணவர்களே, உங்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தாய்மாமாவின் தீர்ப்பு

சவரிமுத்து மாமா காரைக்குடியில் வீடு கட்டித் தருகிற காண்டிராக்டர். அவர் மகள் நிச்சயதார்த்தப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. "அமலி, நீ என்னதேன் படிக்கிற? ஒரு வார்த்தையில சொல்லு" என்றார். ஒரு வார்த்தையில் எனக்கு எதையும் சொல்லத் தெரியாது என்பது குடும்பத்துக்கே தெரியும். சாம்பாரில் ஆரம்பித்து மோர் வரை பேசினேன். கேட்கக் கேட்க அவர் முகம் இருண்டது.

"அதாவது, சிமெண்டு போட வேண்டிய எடத்துல சிமெண்டக் கொறச்சு, சாம்பலப் போட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி ஆக்கிர்றது."

"மாமா, இதுக்குப் பேரு கலப்படம் இல்ல!"

"நான் கலப்படம்னு சொல்லவே இல்லியே."

மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டால் நான் இன்னும் அதிகமாகப் பேசுவேன். சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வெட்டியாக மிஞ்சும், சாம்பலில் இருக்கிற சிலிகா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து இன்னொரு பங்கு பசையாக மாற்றும், ஆகவே இது திருட்டல்ல, சிக்கனம் என்று கை காயக் காயச் சொன்னேன். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எழுந்தார். கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போன மாசம் எங்கிட்ட ஒருத்தன் இதத்தேன் செஞ்சான், வேலைய விட்டு நிப்பாட்டிட்டேன். பாவம், ரெண்டு வருஷம் பொறுத்திருந்தா அவனும் டாக்டராயிருப்பான்."

கொதிகலன் முன்னால் ஒரு சொற்பொழிவு

நாச்சியாபுரத்துக்கு அங்குட்டு ஓர் அரிசி ஆலை. நெல் அவிக்கக் கொதிகலனில் உமியைத்தான் எரிப்பார்கள்; ஆலைக்குப் பின்னால் சாம்பல் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். யார் கேட்டாலும் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். நான் கேட்ட விதம்தான் தப்பு. பல்கலைக்கழக முத்திரை, பதிவு எண், 'பொருள்: சாம்பல் மாதிரி சேகரித்தல் தொடர்பாக' என்று ஒரு கடிதத்தோடு போய் நின்றேன். மேனேஜர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். உள்ளே போய் யாரிடமோ குசுகுசுத்தார். பின்னால் தார்ப்பாய் இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "எங்ககிட்ட சாம்பலே இல்லீங்களே மேடம்" என்றார். அவர் மீசையில் சாம்பல் இருந்தது. நான் புகை, தூசு பார்க்க வந்த அதிகாரி இல்லை, வெறும் மாணவிதான் என்று நிரூபிக்க அடையாள அட்டை, பஸ் பாஸ், கடைசியில் அம்மாவிடம் போனில் பேச வைப்பது வரை போக வேண்டியிருந்தது.

அதோடு அள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். கொதிகலன் முன்னால் நின்றுகொண்டிருந்த அடைக்கலம் அண்ணனிடம் நான் எதற்குப் பாடம் எடுக்கப் போனேன்? சாம்பல் கறுப்பாக இருந்தால் உமி சரியாக எரியவில்லை என்று அர்த்தம், அளவுக்கு மீறி எரிந்தால் சிலிகா படிகமாகிச் சோம்பேறியாகிவிடும், ஆகவே அறுநூறு டிகிரியை ஒட்டியே, நிதானமாக, ஒரே சீராக எரிக்க வேண்டும் என்றேன். நோட்டுப் புத்தகத்தில் வரைபடம் போட்டும் காட்டினேன். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று கடைசி வரை கேட்டார். அவர் கேட்ட அக்கறையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. வரைபடத்தை என்னிடமே நீட்டிவிட்டுச் சொன்னார்: "எல்லாஞ் சரி தாயி. ஆனா நாங்க நெல்லு அவியிறதுக்குல்ல எரிக்கிறோம். நீங்க என்னமோ நாங்க சாம்பல் சமைக்கிறதாவும், அரிசி அதுல மிச்சம் விழுறதாவும் சொல்றீக."

இரண்டு மூட்டை

சாம்பலை இரண்டு சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றினேன். ஆட்டோ பிடிக்கலாம் என்று சொல்லாதீர்கள். 'ஆராய்ச்சியாளர் மக்களோடு பயணிக்க வேண்டும்' என்று அப்போது ஒரு கொள்கை வைத்திருந்தேன். பஸ்ஸில் திருக்கோஷ்டியூர்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்த கூட்டம் நிறைய இருந்தது. நெற்றியில் பளிச்சென்று நாமம், மடியில் துளசி. இரண்டாவது வேகத்தடையில் ஒரு சாக்கின் தையல் விட்டது. மூன்றாவது வேகத்தடையில் பஸ்ஸின் நடுப்பகுதி முழுவதும் வைணவத்திலிருந்து சைவத்துக்கு மாறிவிட்டது.

யாராவது திட்டியிருந்தால் நான் பதிலுக்கு வாதாடி மனசு ஆறியிருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்கக்கூட வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றார். பஸ் முழுக்க ஒரு மரியாதையான அமைதி. எனக்கு விளங்கவில்லை. காரைக்குடி வந்ததும் ஓர் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி என் தோளைத் தொட்டார். "ராமேஸ்வரத்துக்குப் போற பஸ்ஸு அங்குட்டு நிக்கும் தாயி. மனசத் தளர விடாத. ஆனா ரெண்டு மூட்டையா... மொத்தக் குடும்பமுமா?"

கொழுக்கட்டை மாவு

எங்கள் ஆய்வகத்தை நடத்துவது பேராசிரியர் என்று கதவில் பலகை இருக்கும். நடத்துவது முத்தையா அண்ணன். உதவியாளர் வேலைதான்; ஆனால் அச்சுகள், தராசு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கலவை உருளைகளை நசுக்கிப் பலம் சொல்கிற அந்தப் பெரிய கம்ப்ரெஷன் மிஷின், எல்லாம் அவர் பொறுப்பு. சாவி அவர் இடுப்பில்.

முதல் கலவை போட்ட அன்று அண்ணன் தட்டை எட்டிப் பார்த்து, "கொழுக்கட்டை மாவு கணக்கா இருக்கே பாப்பா, இது கொழாயில எறங்குமா?" என்றார். அவர் சொன்னது அறிவியல்படி சரி. உமிச் சாம்பல் பஞ்சு மாதிரி, தண்ணீரைக் குடித்துவிடும். அதைப் பொடிப்பொடியாக அரைத்தால்தான் அந்தப் பஞ்சுத்தனம் போகும். ஆனால் ஓர் உதவியாளர் பார்த்த மாத்திரத்தில் சொன்னதை நான் எப்படி ஒத்துக்கொள்வது? "அண்ணே, கண்ணால பாத்துச் சொல்றதுக்குப் பேரு விஞ்ஞானம் இல்ல" என்று சொல்லிவிட்டு, இன்னும் தண்ணீர் ஊற்றினேன். அப்புறமும் ஊற்றினேன். கலவை ஜம்மென்று இளகியது. அண்ணனைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஏழாம் நாள் அச்சைப் பிரித்தோம். முதல் உருளையை மிஷினுக்குக் கொண்டுபோகத் தூக்கினேன். மேல்பாதி என் கையில் வந்தது, கீழ்பாதி மேஜையிலேயே இருந்தது. இரண்டாவது உருளை நான் தொடுவதற்கு முன்பே சரிந்தது. முத்தையா அண்ணன் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் குறிப்பேட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார். "மிஷினு வேணாம் பாப்பா, கையிலேயே டெஸ்ட் முடிஞ்சிருச்சு. குறிச்சுக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை நெற்றி

அதன்பின் மூன்று வாரம் அரைத்தேன். இரும்புக் குண்டுகள் உருளுகிற அரவை இயந்திரத்தில் சாம்பலைப் போட்டால் மணிக்கணக்கில் கடகடவென்று ஓடும். பக்கத்துத் துறையிலிருந்து புகார் வந்தது. நான் பதில் புகார் எழுதினேன். சாம்பல் முகப்பவுடர் போல ஆனது. அது காதில் போனது, சோற்றில் போனது, எவ்வளவு குளித்தாலும் முடியோரத்தில் ஒரு சாம்பல் கோடு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவோடு சர்ச்சில் பூசைக்கு நின்றேன். வேர்வை வழிய, நான் கையால் நெற்றியைத் துடைத்திருக்கிறேன். முடியோரத்துச் சாம்பல் நடு நெற்றிக்கு இறங்கியிருக்கிறது; தவக்காலம் தொடங்குகிற அன்று பாவத்துக்கு மனம் வருந்தி நாங்கள் சாம்பல் பூசிக்கொள்கிற அதே இடம். பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது பின்பெஞ்சு ரீத்தா அக்கா முன்னால் குனிந்து, என் காதில் உண்மையான கவலையோடு கேட்டார்: "சாம்பல் புதனுக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கே அமலி. அதுக்குள்ள என்னடி பண்ணித் தொலச்ச?"

நாள் குறித்தது

அரைத்த சாம்பல் வேலை செய்தது. தண்ணீரும் குறைவு, கலவையும் குழாயில் இறங்குகிற பதம். சிறு சோதனைகள் எல்லாம் மெல்ல மெல்ல அந்த ஒன்றை நோக்கி ஏறின. சுரங்கத்து என்ஜினீயர் போனில், "வார்த்த தேதிய எனக்கு அனுப்புங்க. இருபத்தெட்டாம் நாள் நம்பரச் சொல்லுங்க. அதுக்கப்புறம் பேசுவோம்" என்றார். தமிழ்க்காரர்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுச் செலவழிக்கிறவர்.

பேராசிரியர், "அடுத்த வாரம் வார்க்கலாமே, அவசரம் ஒண்ணும் இல்லையே" என்றார். அவ்வளவுதான். இந்த நாட்டில் ஆராய்ச்சி ஏன் வளரவில்லை என்பதைப் பற்றி அவர் அறையில் நின்றுகொண்டே பேசினேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே ஒரு தலைமுறை போய்விட்டது என்றேன். அந்தத் தலைமுறையில் அவரும் உண்டு என்பது பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரிம்மா, இன்னைக்கே வார்" என்றார். வெற்றி! ஆய்வகத்துக்கு ஓடினேன்.

மூன்று உருளைகள் வார்த்தோம். அச்சில் ஊற்றும்போதே முத்தையா அண்ணன் சுவரில் தொங்கிய தினக்காலண்டரைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, இருபத்தெட்டு நாள்னா கணக்குக்கு..." என்று ஆரம்பித்தார். நல்ல நேரம் பார்க்கிறார் என்று நினைத்தேன். "அண்ணே, சிமெண்டுக்கு ராகு காலமும் கெடையாது, எமகண்டமும் கெடையாது" என்று வெட்டினேன். அவர் காலண்டரை விட்டார். அது சுவரில் போய் டப்பென்று அடித்தது. "சரி பாப்பா. நான் ஒண்ணும் சொல்லல. சொல்ல வந்தேன், ஆனா சொல்லல."

லீவு கேட்ட மிஷின்

இருபத்தேழாம் நாள் மத்தியானம் ஆய்வகத்தைக் கழுவிவிட்டார்கள். மிஷின்களுக்கெல்லாம் துடைத்துச் சந்தனம், குங்குமம். கம்ப்ரெஷன் மிஷினுக்குப் பெரிய மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பொரி, அவல், கடலை, சுண்டல். நான் சந்தோஷமாகச் சுண்டல் இரண்டு தரம் வாங்கித் தின்றேன். மறுநாள் ஊரெல்லாம் ஆயுத பூஜை, லீவு, அதனால்தான் இங்கே முந்தின நாளே பூஜை என்று தெரியும். ஆட்டோவுக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைப்பார்கள் என்றும் தெரியும். பூஜையில் வைத்த கருவியை விஜயதசமியன்று எடுக்கிறவரை யாரும் தொட மாட்டார்கள் என்பதும் பிறந்ததிலிருந்து தெரியும். இது எதுவும் என் இருபத்தெட்டாம் நாளுக்குச் சம்பந்தப்பட்டது என்று மட்டும் தோன்றவில்லை. என் மூளை அப்படி. தனித்தனி அறை, நடுவில் கதவு கிடையாது.

மறுநாள் காலை ஆய்வகத்தில் பூட்டு. முத்தையா அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் தன் பைக்குக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, சாவி! இன்னைக்கு இருபத்தெட்டு!" என்றேன். "தெரியும். அன்னிக்குச் சொல்ல வந்தேன்" என்றார். கெஞ்சினேன். மிஷினை வெறும் பத்து நிமிஷம் ஓட்டினால் போதும் என்றேன். முடியாது என்றார். அப்போதுதான் என் பெரிய ஆயுதத்தை எடுத்தேன்: "அண்ணே, நான் வேதக்காரப் பொண்ணு. நானே ஓட்டுறேன். தோஷம் எனக்கு ஒட்டாது."

"தோஷம் ஒங்களுக்குன்னு யாரு சொன்னா?" என்றார் அமைதியாக. "வருஷம் பூரா கல்லயும் மண்ணயும் மென்னு துப்புது. அதுக்கு ஒரே நாளு லீவு. போன மாசம் ஹாஸ்டல்ல சமைக்கிற அக்காமாருக்கு வார லீவு விடணும்னு வாசக் கேட்டுல உக்காந்து கோஷம் போட்டது நீங்கதான பாப்பா? நானும் வந்து கை தட்டுனேனே."

போனில் ஒரு பாவசங்கீர்த்தனம்

பேராசிரியரை அழைத்தேன். "ஒரு நாள்தானேம்மா. நாளைக்கு நசுக்கிட்டு இருபத்தெட்டுன்னே எழுதிக்கோ, யாரும் கேக்கப் போறதில்ல" என்றார். மனுஷர் எனக்கு வழி விட்டார். நானோ, தெருமுனையில் வாழை மரம் கட்டிய ஒரு சைக்கிள் கடை முன்னால் நின்றுகொண்டு, தரவுகளின் புனிதத்தைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்தேன். "சரி, அப்ப என்ஜினீயர்கிட்ட நீயே சொல்லிக்கோ" என்று வைத்துவிட்டார்.

என்ஜினீயருக்குப் போட்டேன். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால்கூட நான் அவ்வளவு நடுங்கியதில்லை. தேதி பார்க்காமல் வார்த்தது என் தப்பு, யாரையும் குற்றம் சொல்லவில்லை, நிபந்தனையை மீறியது மீறியதுதான், ஆனால் ஒரு கோரிக்கை, ஆனால் ஒரு விளக்கம், ஆனால் என்று மூச்சு விடாமல் சொன்னேன். மறுமுனையில் கசகசவென்று கூட்டச் சத்தம், மேளம். நான் முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னார்: "ஏம்மா, இன்னைக்கு எங்க லிஃப்டுக்கே மாலை போட்டு நிறுத்தியாச்சு. ஒரு பய கீழ எறங்கல, எல்லாரும் மேல நின்னு பொரி தின்னுக்கிட்டிருக்கோம். நீங்க யாருக்கு இன்னைக்கு நம்பர் சொல்லப் போறீங்க?"

இருபத்தொன்பது

விஜயதசமி. ஒன்பது மணிக்கு முத்தையா அண்ணன் பூட்டைத் திறந்தார். மாலையைக் கழற்றி, சூடம் காட்டி, ஓர் எலுமிச்சம்பழத்தை மிஷினடியில் வைத்தார். லீவு நாள் என்றாலும் பேராசிரியர் வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் வைத்து என்ஜினீயரை அழைத்தோம். "ம்" என்றார்.

முதல் உருளையை நானே தூக்கி வைத்தேன். இந்தத் தரம் முழுசாக வந்தது. மிஷின் மெதுவாக இறங்கி அழுத்தியது. என் இரண்டரை வருஷம் அந்த இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் நின்றது. ஒரு விரிசல் ஓடியது. பூஜ்யம் புள்ளி தொண்ணூற்றெட்டு. இரண்டாவது: ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று. மூன்றாவதை அண்ணனே வைத்தார். ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு. சராசரி ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்று! பேராசிரியர் எழுந்து நின்றே விட்டார். அவர் கை தட்டி நான் பார்த்ததில்லை, அன்று தட்டினார். போனில் என்ஜினீயர், "சந்தோஷம். தாண்டிருச்சு" என்றார்.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் மூடியிருப்பீர்கள். நான், "சார், ஒரு நிமிஷம்" என்றேன். "இது இருபத்தொன்பதாம் நாள் பலம். இந்தக் கலவை தினமும் கொஞ்சம் கொஞ்சம் ஏறுது. நேத்து நசுக்கியிருந்தா ஒண்ணத் தொட்டிருக்கும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. தொடாமலும் போயிருக்கலாம். உங்க நிபந்தனைப்படி பாத்தா, நாங்க தேறினோம்னு சொல்றது நியாயம் இல்ல." பேராசிரியர் தட்டிய கையை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டார். முத்தையா அண்ணன் எலுமிச்சம்பழத்தைத் திரும்ப எடுத்தார். "பாப்பா, வேணாம்" என்று உதட்டை மட்டும் அசைத்தார். நான் நிறுத்தவில்லை. வளைகோடு, பிழை வரம்பு, கீழ்மதிப்பு என்று என் கலவைக்கு எதிராக நானே ஐந்து காரணம் அடுக்கினேன். ஐந்தும் நல்ல காரணங்கள். ஐந்தாவதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது, ஆனாலும் சொல்லி முடித்தேன்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பேராசிரியர் குனிந்து பார்த்தார். "அம்மா" என்றது போன். "நாங்க இத்தனை வருஷமா எத்தனையோ பேருகிட்ட சாம்பிள் வாங்கியிருக்கோம். தேறாததத் தேறுச்சுன்னு சொல்ல ஆளு நெறைய. தேறுனதத் தேறலன்னு அடிச்சுப் பேசுற ஆள இப்பத்தான் பாக்குறேன். நீங்க சொல்ற மண்ண நம்பி என் ஆளுகள அந்தச் சுவருக்குப் பக்கத்துல நிறுத்தலாம்." நான் மறுப்புச் சொல்ல வாயெடுத்தேன். பேராசிரியர் என் முழங்கையைப் பிடித்தார். "ஊத்திட்டு இருபத்தெட்டுக்குப் பதிலா முப்பத்தஞ்சு நாள் காத்திருந்து பக்கத்துப் பாறைக்கு வெடி வைக்கிறோம். பாறைக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. இதுக்கு மேலயும் வாதம் பண்ணணும்னா, ஊத்துற அன்னைக்கு வாங்க, ஹெல்மெட் தர்றேன், கீழ எறங்கி அந்தப் பள்ளத்துக்கிட்டயே பண்ணுங்க."

இதுவரை நான் போட்ட நூறு சண்டைகளில் எனக்கு ஏதாவது கிடைத்தது நான் தோற்ற இந்த ஒன்றில்தான் என்பதையும், கிடைத்தது ஒரு பள்ளம் என்பதையும், தயவுசெய்து யாரும் சவரிமுத்து மாமாவிடம் சொல்லிவிட வேண்டாம்.